ஆறு வாரக் களிம்பு

மெக்கானிக் பாவாடை தொட்டு ஓடாத வண்டி புதுச்சேரியில் கிடையாது. முதலியார்பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். கேட்காவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார். மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்கு. அப்புறம் மில்லில் கூலி. மில்லை மூடியபோது மற்றவர்கள் கொடி பிடித்து உட்கார்ந்தார்கள்; இவர் ஒரு ஸ்பேனர் செட்டோடு ரோட்டோரம் உட்கார்ந்தார். இன்றைக்குக் கீழே ஒர்க்‌ஷாப், மேலே இரண்டு மாடி வீடு. எல்லா அறையிலும் ஃபேன் உண்டு. காற்று வாங்கத்தான் ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். ஒரே மகள் நிர்மலாதேவி பெங்களூரில். பொங்கலுக்கு வந்தால் இரண்டு நாள், மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவாள்.

அந்த மகள் இந்த மே மாதம் ஏழு வயது மகன் செம்மலோடு வந்து இறங்கியது அப்பன்மேல் வந்த திடீர்ப் பாசத்தால் அல்ல. பையனுக்கு முன்தோல் பின்னால் நகராமல் இறுகிக் கிடந்தது. சிறுநீர் போகும்போது முனை பலூன் மாதிரி உப்பும். இரண்டு முறை சீழ் வேறு பிடித்துவிட்டது. அங்கே ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். அதைக் கேட்டதிலிருந்து பையனுக்குத் தூக்கமில்லை.

"கத்தி வெக்கறதுக்கு முன்னாடி நம்மூர்ல ஒரு வாட்டி காட்டு. பெங்களூர்க்காரன் மட்டுந்தான் படிச்சிருக்கானா?" என்று போனில் சத்தம் போட்டு வரவழைத்தவர் பாவாடைதான்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கார்குழலி பையனைப் பார்த்தார். "தோல்ல தழும்பு விழல, அதனால இப்ப கத்தி வேணாம். ஸ்டீராய்டு களிம்பு எழுதறேன். காலையில, சாயங்காலம் ரெண்டு வேளை. வலிக்காத அளவுக்குத் தோலைப் பின்னாடி தள்ளி, இறுகின எடத்துல மெல்லிசா தடவணும். அப்புறம் மறக்காம முன்னாடி கொண்டாந்துடணும். வலுவா இழுக்கவே கூடாது. நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆவும். நெறைய பசங்களுக்கு இதுலயே சரியாயிடும்."

"ஸ்டீராய்டா? ஜிம்முக்குப் போறவங்க போட்டுக்கறதா?" என்று நிர்மலா பதறினாள்.

"அது வேற வகைம்மா. இதைச் சொன்ன அளவு, சொன்ன நாள் வரைக்கும் போட்டா பயமில்ல."

பாவாடை நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். "எனக்குப் புரிஞ்சிடுச்சு டாக்டரம்மா. துருப்பிடிச்ச நட்டுக்கு மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப்போட்டுட்டுக் காத்துக் கெடக்கணும். அவசரப்பட்டு ஸ்பேனர் போட்டா மரை போயிடும். நாப்பது வருசமா நான் செய்யறதத்தான் நீங்களும் செய்யறீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். நிர்மலா தலையில் அடித்துக்கொண்டாள்.

களிம்பு போடுவது தாயும் பையனும். டியூபைப் பத்திரமாக வைத்திருந்து வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பது பாவாடையின் பொறுப்பு. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டது. சாயங்காலம் ஆறு மணிக்கே ஷட்டரை இறக்கினார்.

"என்னா மேஸ்திரி, இருட்டறதுக்குள்ள மூடிட்ட? பொண்ணு பாக்கப் போறியா?" என்றார் எதிர்க்கடை இராமதாஸ்.

"பேரன் கூப்புடறான்யா!"

பேரன் கூப்பிடவில்லை. ஆனாலும் மாடியேறினார். மேலே குக்கர் விசில், டிவி, பையனின் ஓட்டம். ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் நிர்மலா கணவனிடம் போனில் சொன்னது படிக்கட்டில் நின்றவர் காதில் விழுந்தது. "நல்லா தளர்ந்துடுச்சுங்க. இனிமே உப்பறதில்ல. அடுத்த வாரம் டாக்டர் சரின்னுட்டா கெளம்பிடறோம்."

எந்த வேலையையும் சொன்ன நாளுக்கு முன்னால் முடித்துக் கொடுத்துப் பேர் வாங்கியவர், இந்த ஒரு வேலை மட்டும் இழுத்துக்கொண்டே போகக்கூடாதா என்று ஏங்கினார். மறுநாள் காலை டியூப் அவர் காக்கிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"வெச்ச எடத்துல காணமே" என்றார். நிர்மலா வீட்டையே புரட்டினாள். காலை வேளை போயிற்று. கடைக்குப் போய் வேறு வாங்கி வருகிறேன் என்று மதியம் அவள் செருப்பைத் தேடியபோது, செம்மல் மெதுவாகத் தாத்தா பக்கத்தில் வந்து நின்றான்.

"தாத்தா, களிம்பு போடலன்னா மறுபடியும் இறுகிடுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுடா."

"இறுகிட்டா ஆபரேஷன் பண்ணிடுவாங்களா?"

பையனின் கை அவர் சட்டையைப் பிடித்திருந்தது. டியூப் இருந்த பைக்கு ஒரு விரல் தள்ளி. விறுவிறுவென்று கீழே இறங்கினார், அதே வேகத்தில் ஏறி வந்தார்.

"கீழ கம்ப்ரஸர் பின்னாடி கெடந்துச்சு."

நிர்மலா டியூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பையனைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

நான்காம் வாரம் டாக்டர் பார்த்து, "சரியாயிடுச்சு, ஆபரேஷனே வேணாம். தெனம் குளிக்கும்போது தள்ளிக் கழுவிட்டு முன்னாடி கொண்டாந்தா போதும்" என்றார். கிளம்ப வேண்டியவள் மேலும் இரண்டு வாரம் இருந்தாள். அப்புறம் பஸ்.

இப்போது தினம் சாயங்காலம் பாவாடை போன் போடுகிறார்.

"டேய், குளிச்சப்ப கழுவினியா?"

"கழுவிட்டேன் தாத்தா."

"முன்னாடி கொண்டாந்துட்டியா?"

"கொண்டாந்துட்டேன் தாத்தா."

ஒருநாள் நிர்மலா போனைப் பிடுங்கினாள். "யப்பா, மூணு மாசமா இதையே கேக்கற. உனக்கு வேற பேச்சே இல்லியா?"

"இருக்குது."

"சொல்லு, கேக்கறேன்."

பக்கத்தில் யாருமில்லாத அறையில் அவரே போட்டுவிட்ட ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"கடையில வண்டி ஒண்ணு நிக்குது. பாத்துட்டு வரேன்" என்று போனை வைத்தார்.

கீழே ஷட்டர் ஆறு மணிக்கே இறங்கியிருந்தது.