பத்து மணிக்கு வர முடியாத பெண்

அந்தப் பெரிய வக்கீல் ஆபீஸில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவள் காலண்டர் அக்கா. வேலைக்கு மனுப் போடும் சட்டப் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் வாய் பிளந்துபோகும். ஒரு வக்கீலுக்குக் கோர்ட், இன்னொருத்தருக்கு விமானம், மூன்றாமவருக்குப் பல் டாக்டர். ஒருத்தர் சரி என்றால் மற்றவர் முடியாது என்பார். இந்த நெரிசலுக்குள் எங்கேயோ ஒரு அரைமணி இடுக்கைக் கண்டுபிடித்து, அதில் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவாள். சும்மா சொல்லக் கூடாது, அது ஒரு தனி மூளை.

வீட்டில் அவள் புருஷன், "என்கூட ரெண்டு வார்த்தை பேச உனக்கு எப்ப தோதுப்படும்?" என்று கிண்டல் செய்வார். "உங்க மனு லேட்டா வந்திருக்கு, அடுத்த மாசம் பாக்கலாம்" என்பாள் அவள்.

பொய் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது பழகிப்போயிருந்தது. ஒரு பையனுக்கு ஒரே வருஷத்தில் மூன்று தாத்தா செத்துப்போனார்கள். இன்னொருத்தன் வேறு ஆபீஸ் இன்டர்வியூவுக்குப் போய்க்கொண்டே, "காய்ச்சல் மேடம்" என்று இருமினான், பின்னால் லிஃப்ட் மணி அடித்தது. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பயத்தில் உளறுகிறதுகள், பாவம் என்று நினைத்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்கோ கண்ணு" என்று சொல்லி வேறு நேரம் கொடுப்பாள்.

அவளுக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு விஷயத்தில்தான். இந்தத் தொழிலில் மனுக்களை மொத்தமாகச் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை. வர வரப் பார்ப்பார்கள், பிடித்தால் அப்போதே எடுத்துக்கொள்வார்கள். கடைசித் தேதி வருவதற்குள் முக்கால்வாசி இடம் போயிருக்கும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதில் வந்து மாட்டிக்கொள்ளும். ஒரு காற்புள்ளியை வைத்து, எடுத்து, திரும்ப வைத்து, கடைசி நாள் வரைக்கும் மனுவை இழைத்துக்கொண்டே இருக்கும். இழைத்து முடிக்கும்போது உட்கார நாற்காலி இருக்காது.

அந்த வருஷம் அப்படி வந்து மாட்டியவள் ஒரு கடைசி வருஷ மாணவி. அவள் மனு வந்து சேர்ந்தபோது ஒரே ஒரு இடம்தான் மிச்சம். காலண்டர் அக்கா அவளுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, கடைசித் தேதி வரைக்குமா காத்திருப்பாங்க? இனிமே ஒரே சீட்டுதான் இருக்கு. வியாழக்கிழமையோட ஆள் எடுக்கிறத முடிச்சிடுவாங்க. அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு வந்துடுங்க, பெரிய வக்கீலே பாக்கிறாரு."



"மேடம், ரொம்ப நன்றி. ஆனா வியாழக்கிழமை பத்துக்கு என்னால வர முடியாது."

சரி, தாத்தா புறப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. "ஏன், யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம், எல்லாரும் நல்லா இருக்காங்க. எங்க காலேஜ் இலவச சட்ட உதவி மையத்துல நான் ஒரு கேஸ் பாக்கிறேன். ஒரு டெய்லர். ஒரே ரூம், அதுலதான் மிஷின், அதுலதான் குடும்பம். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஓனர் கேஸ் போட்டிருக்காரு. அன்னிக்குக் காலைலதான் வாடகைத் தீர்ப்பாயத்துல விசாரணை. அங்க எங்களை மாதிரி மாணவங்களும் பேசலாம். நான் போகலைன்னா அந்தப் பக்கம் சொல்றதுதான் தீர்ப்பு."

"வேற யாரையாவது அனுப்பக் கூடாதா?"

"கேஸ் முழுசும் தெரிஞ்சது நான் ஒருத்திதான் மேடம்."

"தேதி தள்ளிக் கேக்கலாமே?"

"ஒரு தடவை தள்ளியாச்சு. இனிமே தர மாட்டாங்க. நான் வர்றேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன் மேடம்."

"கண்ணு, இது கடைசி சீட்டு. புரியுதா?"

"புரியுது மேடம். இந்த ஆபீஸுக்கு வரணும்னுதான் சட்டமே படிக்க வந்தேன். வேற எந்த நேரம் குடுத்தாலும் ஓடி வந்துடுவேன். அந்தக் காலை மட்டும் என்னுது இல்ல."

போனை வைத்த பிறகும் அக்காவின் கை அதன் மேலேயே இருந்தது. எத்தனை வருஷமாக எத்தனை பிள்ளைகள்! ஒரு சீட்டுக்காகச் செத்த தாத்தாவைத் திரும்பத் திரும்பச் சாகடித்தவர்களைப் பார்த்திருக்கிறாள். கைக்கு வந்த சீட்டை யாரோ ஒரு டெய்லருக்காக விட்டுக்கொடுக்கிற பிள்ளையை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அம்மாடி, எந்த வீட்டுப் பெண்ணோ!

நேராகப் பெரிய வக்கீல் அறைக்குப் போனாள். நல்ல மனுஷன்தான், ஆனால் நேரம் என்று வந்துவிட்டால் கல். சொன்ன நேரத்துக்கு ஆள் இல்லாவிட்டால் அந்த ஆளே அவருக்கு இல்லை.

"சார், வியாழன் இன்டர்வியூவை மதியத்துக்கு மாத்தலாமா? அந்தப் பொண்ணுக்குப் பத்து மணி தோதுப்படல."

"மதியம் முடியாதும்மா, மீட்டிங். காலைல ஒரு சின்னக் கேஸ் இருக்கு, வாடகைத் தீர்ப்பாயத்துல. நம்ம கட்சிக்காரர் வீட்டுல ஒரு டெய்லர் காலி பண்ண மாட்டேங்கிறாராம். அந்தப் பக்கம் பேச ஆளே கிடையாது. போன வேகத்துல முடிச்சிட்டுப் பத்துக்கு இங்க இருப்பேன்."

அக்கா சொல்ல வாய் திறந்தாள், மூடிக்கொண்டாள். இவரிடம் சொன்னால், அந்தப் பெண் நம்பிச் சொன்னதைக் காட்டிக்கொடுத்த மாதிரி. அந்தப் பெண்ணிடம் சொன்னால், சோறு போடுகிற ஆபீஸுக்குத் துரோகம். இரண்டு பக்கத்து நேரமும் அவள் கையில் இருந்தது, வாய் மட்டும் அவளுடையதாக இல்லை.

"அந்தப் பொண்ணு வராட்டி விடுங்க, வேற ஆளைப் போடுங்க" என்றார் அவர். "பத்து மணிக்கு யாரு வர்றாங்களோ அவங்களுக்குத்தான்."

காத்திருப்போர் பட்டியலில் ஒரு பையன் இருந்தான். கூப்பிட்ட மறுநிமிஷம், "எப்ப வேணா வர்றேன் மேடம்!" என்று குதித்தான். பத்து மணியை அவனுக்கு எழுதினாள். எழுதிய கை வலித்தது.

வியாழக்கிழமை பையன் முன்கூட்டியே வந்து, இஸ்திரி கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பத்து அடித்தது. பெரிய வக்கீலைக் காணோம். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். நேரமாக ஆக அவளுக்கு உள்ளுக்குள் என்னமோ ஒரு குதூகலம். அவர் வரவில்லை என்றால் அங்கே யாரோ விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்! விடாதடி பெண்ணே என்று அவளை அறியாமல் முணுமுணுத்தாள். அடுத்த நொடியே, சம்பளம் வாங்கும் இடத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதினொன்று தாண்டியதும் பையன் நெளிந்தான். "மேடம், எனக்கு... வந்து... தாத்தாவுக்கு உடம்பு..."

"எந்த ஆபீஸ் கண்ணு?"

அசடு வழிந்தான். எதிர்த் தெரு ஆபீஸில் இன்றைக்கே இன்னொரு இன்டர்வியூ. "அங்க இருப்பாங்க மேடம், இங்கதான் ஆளையே காணோம்." போய்விட்டான். அவன் மேல் என்ன தப்பு?

பெரிய வக்கீல் வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். கழுத்துப் பட்டை கையில் இருந்தது. அவள் எதிரிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"ஒரு சின்னப் பொண்ணும்மா" என்றார். "மாணவி. எங்க ஆளைக் கேள்வி கேக்குது, கேக்குது, கேட்டுக்கிட்டே இருக்குது. குரலே உசத்தல. அந்த டெய்லர் ஓட்டையும் உடைசலையும் தானே சரி பண்ண ரசீதெல்லாம் தேதிவாரியா கொண்டுவந்து வச்சுட்டுது. கடைசில என்னப் பாத்து, 'இந்த வீட்டை நீங்க ஒரு தடவையாவது நேர்ல பாத்தீங்களா சார்?'ன்னு கேட்டுது. நான் பாக்கலம்மா." தலையை ஆட்டினார். "நானும் தலை நரைக்க நரைக்க வாதாடிட்டேன். இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல."

அக்கா காலண்டரைத் திறந்தாள். "கேஸ் முடிஞ்சுதா சார்? முழுசா?"

"தள்ளுபடி. மேல போக வேணாம்னு கட்சிக்காரரே சொல்லிட்டாரு, அதோட முடிஞ்சுது. பத்து மணி ஆள் எங்க?"

"காத்திருந்து பாத்துட்டுப் போயிட்டாரு. சீட்டு அப்படியே இருக்கு சார். பத்துக்கு வர முடியாதுன்னு சொன்ன பொண்ணக் கூப்பிடவா?"

"அது ஏன் வர முடியலையாம்?"

"ஒரு டெய்லருக்கு வர்றேன்னு சொல்லிட்டாளாம்."

பாட்டில் அவர் கையிலேயே நின்றது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும் சார்."

"அந்தப் பொண்ணுக்கு?"

"தெரியாது. ரெண்டு பேர்கிட்டயும் நான் வாயத் திறக்கல."

பெரிய வக்கீல் எழுந்தார். அறைக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "இன்னிக்கு வேணாம், களைச்சிருக்கும். நாளைக்கு எப்ப வர முடியும்னு அதுகிட்டயே கேளுங்க. அது சொல்ற நேரத்துக்கு நான் இருக்கேன்."

அக்கா போனை எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். யாரோ அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம், டெய்லர் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும்.

"சீட்டு போயிடுச்சுன்னு சொல்லத்தானே மேடம் கூப்பிட்டீங்க? பரவாயில்ல" என்றாள் அந்தப் பெண்.

"இல்ல கண்ணு. நாளைக்கு உங்களுக்கு எப்ப தோதுப்படும்?"

இத்தனை வருஷத்தில் மனுப் போட்ட ஒரு பிள்ளையிடமும் அந்தக் கேள்வியை அவள் கேட்டதில்லை. கேட்டதும் அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

"எனக்கா? என்னையா கேக்கிறீங்க? பத்து மணிக்கு வரலாமா மேடம்? பாக்கப் போறது யாரு?"

"நீங்க காலைல பாத்தவருதான். வீட்டைப் பாத்தீங்களான்னு கேட்டீங்களே, அவரு."

"ஐயய்யோ! மேடம், அவர நான் என்னென்னவோ கேட்டுட்டேனே!"

"அதனால என்ன" என்றாள் காலண்டர் அக்கா, பத்து மணிக்கு நேராக அந்தப் பெண்ணின் பேரை எழுதிக்கொண்டே. "நாளைக்கு அவரு கேக்கட்டும்."