சயாமுக்குத் தப்பிய கால்

அண்ணனுக்கு முழங்கால் வீங்கியபோது எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். முகம் சுளிக்காதீர்கள், ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்திருந்தால் நீங்களும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பீடோங் சந்தைக்குப் போனவர்களையே லாரியில் ஏற்றினார்கள். அண்ணனுக்குப் பதினேழு வயது, நல்ல உடம்பு. அடுத்த லாரி அவனுக்குத்தான் என்று அம்மாவுக்கு மரவள்ளிக்கிழங்குகூடத் தொண்டையில் இறங்கவில்லை. அந்த நேரத்தில் ரப்பர் பால் வாளியோடு வழுக்கி விழுந்தான். நொண்டியை எவன் கூட்டிப்போவான்?

விழுந்த காயம் ஆறியும் வீக்கம் வற்றவில்லை. எண்ணெய் போட்டு உருவினார்கள். உருவ உருவப் பெருத்தது. தொட்டால் சூடு, அழுத்தினால் கல். தூங்கவிடாத வலி. கேட்டால், "சயாமுக்குப் போறதுக்கு இது தேவலாம்லா" என்று சிரிப்பான், பாவி.

தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிரசர் ஐயா ஒரு நாள் தானாகவே வந்தார். புடைத்திருந்த நரம்புகளைப் பார்த்தார், தொடையெலும்பை விரலால் தடவிக்கொண்டே வந்து மூட்டுக்கு மேலே நிறுத்தினார்.

"இது சுளுக்கு இல்லம்மா. எலும்புல புத்து மாதிரி இருக்கு. வளர்ற வயசுலதான் இது வரும். பெரிய ஆஸ்பத்திரியில படம் புடிச்சுப் பாக்கணும். காலை எடுத்தா உயிர் பொழைக்கலாம். நாளைக்கு லாரி போகுது, ஏத்தி விடுங்க."

லாரி என்றதுமே அம்மா எழுந்துவிட்டாள். "சயாமுக்கு அனுப்பத்தானே இந்த நாடகம்? வெளிய போங்கய்யா!"

சயாமுக்குப் போகிறவர்களின் உடம்பைச் சோதித்தவரும் அவர்தான். "ஒண்ணும் ஆகாது, திரும்பி வந்திடுவீங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருந்தார், ஒருவரும் திரும்பவில்லை! அவரை எப்படி நம்புவது? இத்தனை வருஷம் கழித்து, இன்று நான் இருக்கும் கூலிமில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதே நோய். டாக்டர் சொன்ன அன்றே, காலை எடுக்கத் தாய் கையெழுத்துப் போட்டாள். அவளைப் பார்த்துவிட்டு வந்து அழுதேன். என் அம்மாவுக்கு மட்டும் அந்த நம்பிக்கையைக் கொடுக்க ஆளில்லை.

அன்று ஐயா வந்துபோன மறுநாள், அந்த லாரியில் லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டு அக்கா மட்டும் ஏறினாள். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது, வேறு வழியில்லை. சில வாரம் கழித்துக் கையில் குழந்தையோடு வந்து இறங்கினாள். லாரி ஆஸ்பத்திரிக்குத்தான் போனது என்றாள்.

அம்மா செருப்பில்லாமல் ஓடி ஐயாவை இழுத்து வந்தாள். அதற்குள் அண்ணன் இருமத் தொடங்கியிருந்தான், துணியில் இரத்தம். ஐயா அவன் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அம்மாவைப் பார்க்காமலே, "புத்து நெஞ்சுக்கு ஏறிடுச்சும்மா" என்று எழுந்தார்.

அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "எடுத்துடுங்கய்யா. ரெண்டு காலையும் வேணும்னாலும் எடுத்துடுங்க."