பத்துத் தடவை ஆடிப் பார்த்தவர்

சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் எனக்குப் பக்கத்து கம்ப்யூட்டரில்தான் அவர் உட்காருவார். பட்டாசுக் கம்பெனியில் வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விரலிடுக்கில் வெள்ளிப்பொடி மினுங்கும். டி.வி.யில் மாட்டி ஆடும் அந்தக்காலத்துக் கேம் பெட்டிக்கு, வெளிநாட்டில் சிலர் வீட்டிலிருந்தே புதுக் கேம்கள் செய்து இணையத்தில் போடுவார்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஆடிப் பார்த்து, நாங்கள் இருவரும் ஒரே தளத்தில் விமர்சனம் எழுதினோம்.

ஒரு கேமுக்கு நான் இரண்டு பக்கம் எழுதினேன். அவர் எழுதியது தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் மூன்று வரி. கேம் செய்தவர் அவருக்கு மட்டும் நன்றி சொல்லியிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

“அப்படி என்னதான் எழுதுனீக?” என்று கேட்டேன்.

“பத்துத் தடவ ஆடுவேன். எத்தன தடவ புஸ்ஸுன்னு போச்சுன்னு எழுதுவேன். கம்பெனியில ஒவ்வொரு லோடுலயும் பத்து வெடி எடுத்து வெடிச்சுத்தான பாப்போம். நீங்க எத்தன தடவ ஆடுனீக?”

“பத்துதான்” என்றேன். ஆடியது ஒரே தடவை.

தொடர்ந்து ஆடினால் ஏழாவது ஆட்டத்தில், பாலம் தாண்டும்போது திரை உறைந்துவிடும் என்று அவர் எழுதியிருந்தார். அதைப் பொய்யாக்கவே மறுநாள் அவர் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்தேன். ஆறு ஆட்டம் ஒழுங்காக ஓடியது, மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். ஏழாவதில், பாலத்தின் நடுவே, உறைந்து நின்றது.

எப்போது வந்தாரோ, பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“பத்துக்கு இன்னும் மூணு இருக்கே, ஆடுங்க” என்றார்.

குரலில் கேலியே இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.