திருநீறு கலையாமல்

எண்பதுகளில் இராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தேன். என் இரண்டு வயது மகனுக்கு விடாத காய்ச்சல். சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் அவனுக்குத் திருநீறு பூசிவிட்டு, அப்படியே பள்ளிவாசல் முன்னால் போய் நிற்பேன். தொழுதுவிட்டு வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு ஓதி ஊதுவார்கள். அவர்களில் ஜவுளிக்கடை பாய் ஒருவர், நெற்றித் திருநீறு பறக்காதபடி உச்சந்தலையில்தான் ஊதுவார்.

ஆஸ்பத்திரியிலும் காட்டினோம். பிழைக்கவில்லை. நான் அழவில்லை. கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

மறுபடி வேலைக்குப் போன அன்று, கால்கள் பழக்கத்தில் என்னைப் பள்ளிவாசலுக்கே கொண்டுபோய்விட்டன. கையில் பிள்ளை இல்லை என்பது அங்கே நின்ற பிறகுதான் உறைத்தது.

பாய் வந்தார். "பிள்ள எங்கம்மா?"

"போயிட்டான் பாய்."

"உனக்கு ஓதுதேன்" என்று தொடங்கியவர், என் வெறும் நெற்றியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கோயிலுக்குப் போவலையா? போயிப் பூசிட்டு வாம்மா. நான் இங்கனயே நிக்கேன்."

போய்ப் பூசிக்கொண்டு வந்தேன். நின்றிருந்தார். உச்சந்தலையில்தான் ஊதினார்.

அழுகை அப்போதும் வரவில்லை. இத்தனை வருஷமாகத் திருநீறு பூசும்போதெல்லாம் உச்சந்தலையில் அந்த மூச்சுக்காற்று மட்டும் படுகிறது.