உப்புப் பார்க்காத குழம்பு

கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் இன்று சமையலறை என் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் அம்மா பட்டினி கிடந்து வாங்கிக் கொடுத்த வேலை இது.

பிளஸ் டூ முடித்ததும் கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்றேன். அப்பா அங்கேயே பேச்சை முடித்துவிட்டார்.

"பொம்பளப் புள்ள ஓட்டல்ல போயி கரண்டி புடிக்கிறதா? வேணாம்."

வீட்டில் காலம் முழுக்கப் பிடித்தால் கௌரவம், அதையே சம்பளத்துக்குப் பிடித்தால் மானம் போய்விடும் என்பது அவர் கட்சி. கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அழுது பார்த்தேன், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். அவர் அசையவில்லை.

அம்மா யாரிடமும் சொல்லாமல் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். அங்கேதான் சிக்கல். எங்கள் வீட்டில் அம்மா சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. எங்களுக்குப் பரிமாறி, நாங்கள் கை கழுவிப் போன பிறகு அடுப்பங்கரையில் தனியாகத் தட்டைப் போட்டுக்கொள்வாள். அப்படிப்பட்டவள் உண்ணாவிரதம் இருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? வேளாவேளைக்கு ஆக்கினாள், போட்டாள். நாங்களும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டோம். குழம்பில் மட்டும் உப்பு ஒரு நிலையில் இல்லை. ஒரு வேளை சப்பென்றிருக்கும், அடுத்த வேளை கரிக்கும். அப்பா முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். எப்போதும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பவள் அம்மா. அந்தச் சொட்டும் நாக்கில் படக் கூடாது என்று உப்புப் பார்ப்பதையே நிறுத்தியிருக்கிறாள். அவ்வளவு கறாரான உண்ணாவிரதத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீன் குழம்பு. அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். பரிமாறி முடித்த அம்மா, தன் தட்டை எடுத்து வந்து எங்களுக்கு எதிரில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னா இது?" என்றார் அப்பா.

"முந்தாநாள்லேர்ந்து நான் சாப்புடல. வூட்டுல ரெண்டு பேரு இருக்கீங்க, ஒருத்தரும் கேக்கல. அதான் எதிர்ல வந்து உக்காந்துட்டேன்."

அப்பா மில் தொழிலாளியாக இருந்தவர். மில்லை மூடுவதற்கு முன்பு கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தவர். அதிகாரிகள் சாப்பிட்டுவிட்டுக் காரில் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு கிடந்த கதையை எத்தனையோ முறை ஆத்திரத்தோடு சொல்லியிருக்கிறார். அதனால் விவரம் தெரிந்தவராகவே பேசினார்.

"உண்ணாவிரதம்னா மொதல்ல கோரிக்கைய சொல்லணும். சொல்லாம கெடந்தா யாருக்குத் தெரியும்?"

"பொண்ணு அது கேட்டத படிக்கணும். சொல்லிட்டேன்."

அப்பா ஒரு கவளம் எடுத்தார். கை வாய்க்குப் போகவில்லை. கவிழ்ந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கை கழுவிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனார். எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் டப்பாக்களை உருட்டினார். நாங்கள் இருவரும் உதவிக்குப் போகவில்லை. கோரிக்கையை ஏற்பவர்தான் பழச்சாறு கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்து வைக்க வேண்டும். மில் வாசலில் அப்பாவுக்கு அதை யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

டம்ளரை நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"எங்கிட்ட வேணாம். அவகிட்ட சொல்லுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "போயி சேந்துடு. நேரமாச்சுன்னா நான் வந்து கூட்டியாறேன்."

சொன்னபடியே, படிப்பு முடியும் வரை எங்கள் ஊர் அரியாங்குப்பத்திலிருந்து பாலம் தாண்டிக் கல்லூரி வாசலுக்கு வந்து வண்டியோடு காத்து நின்றார். அவருக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அம்மா குடித்தாள். தட்டை நிமிர்த்தி வைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சோற்றுக் குண்டானை இழுத்து அள்ளியவர், அள்ளிய கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"எவ்ளோ சாப்புடுவ?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

"போடுங்க. போதும்னா சொல்றேன்" என்றாள் அம்மா.