டிரைவர் விலை

போன வாரம் உப்பு வாங்கக் கடைக்குப் போனேன். எண்பதைத் தாண்டிய கிழவனைத் தனியாகத் தெருவில் விடக்கூடாது என்பது என் மருமகளின் சட்டம். அவள் கண்ணசந்த நேரம் பார்த்து நழுவிவிட்டேன். கடைக்காரப் பையன் பாக்கெட்டை எடுத்து வைத்தான்.

"எவ்ளோப்பா?"

"அதுலயே போட்டுக்கீது பாருங்க தாத்தா."

மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மூலையில் எறும்பு எறும்பாக அச்சடித்திருந்தது. "யாருக்குன்னு கேக்கமாட்டியா?" என்றேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பாவம், அவன் மேல் தப்பில்லை.

வெளியே வந்தால், தோல் பதனிடும் எந்த ஷாப்புக்கோ பட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி போயிற்று. அந்தக் காரமான, துவர்ப்பான வாசனை இருக்கிறதே, அது மூக்கில் ஏறியதும் எனக்கு வயது இருபத்திரண்டு ஆகிவிட்டது. அப்போது தோல் பதனிட ஆவாரம்பட்டைதான். கட்டுக் கட்டாக எங்கள் பஸ்ஸின் தலைமேல் ஏறும். எங்கள் பஸ் என்கிறேன், ஏதோ எனக்குச் சொந்தம் போல! நான் வெறும் கண்டக்டர். மாதம் பன்னிரண்டு ரூபாய். முப்பதுகளின் தொடக்கம் அது. ஆம்பூரிலிருந்து வேலூர், வேலூரிலிருந்து ஆம்பூர். முதலாளிக்குத் தோல் மண்டியும் உண்டு, இந்த ஒரு பஸ்ஸும் உண்டு.

வண்டியை ஓட்டியவர் மாணிக்கம் டிரைவர். அடேயப்பா, அந்த மனிதரை எப்படிச் சொல்வேன்! காக்கிக் கோட்டு, அதில் ஆறு பித்தளைப் பொத்தான், முகம் பார்க்கலாம் போல பாலிஷ் போட்ட பூட்ஸ். வண்டியின் முன்னால் இரும்புக் கம்பியைச் செருகி அவர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி உயிர் பெறும். நான் சுற்றினால் என் தோள்பட்டைதான் கழலும். சில கிழவர்கள் வண்டியைக் கும்பிட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். மாதனூருக்கு முன்னால் ரோட்டில் ஒரு பள்ளம் உண்டு. யார் மடியிலாவது குழந்தை தூங்கினால் அதன் இமைகூட அசையாதபடி வண்டியை அதில் இறக்கி ஏற்றுவார். எத்தனையோ நாள் பின்னால் நின்று வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன்.

அவருக்குச் சம்பளம் முப்பது ரூபாய். பள்ளிக்கூட வாத்தியாருக்கே இருபதைத் தாண்டாத காலம். ரூபாய்க்கு எட்டுப் படி அரிசி, இரண்டு ரூபாய்க்கு ஓட்டு வீடு. முப்பது ரூபாயை ஒரு ஆள் என்ன செய்வான் என்று நான் படுத்துக்கொண்டே யோசித்ததுண்டு.

ஊருக்கும் அதே யோசனைதான். அதனால்தான் ஆம்பூர்ச் சந்தையில் ஒரு வழக்கம் இருந்தது. எதன் விலையைக் கேட்டாலும் முதலில் "யாருக்கு?" என்பார்கள். தோல் ஷாப்பில் கூலி வேலை செய்கிறவனுக்கு ஒரு வீசை கத்திரிக்காய் அரையணா. டிரைவருக்கு முக்காலணா. மற்றவர்களுக்கு ஒரு ராத்தல் கறி மூன்றணா என்றால் அவருக்கு நாலணா. 'டிரைவர் விலை' என்றே அதற்குப் பெயர். ஒளிவுமறைவு கிடையாது, அவர் முகத்துக்கு நேரேதான் சொல்வார்கள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டு வருவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பேரம் பேசக்கூடாதாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உசுர என் கைல குடுத்துட்டு குந்திக்கினு வர்றாங்கடா. காலணாவுக்கு அவங்க கிட்ட மல்லுக்கு நின்னா, நாளைக்கு என்னை நம்பி எப்பிட்றா ஏறுவாங்க?" என்றார்.

அப்புறம் அந்தக் கெட்ட காலம் வந்தது. சீமைக்குப் போக வேண்டிய தோல் போகாமல் மண்டியிலேயே அடுக்கிக் கிடந்து நாறியது. ஒரு சாயங்காலம் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "மாணிக்கம், ரொம்ப பேஜாரா கீதுப்பா. இனிமே பதினெட்டுதான் முடியும்," என்றார். என் பன்னிரண்டில் கைவைக்கவில்லை. குறைக்க அதில் என்ன இருக்கிறது! வெளியே வந்ததும் டிரைவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை அப்படிச் சில்லிட்டு நான் பார்த்ததில்லை.

"யாருக்கும் தெரியக்கூடாது. சம்பளம் கொறஞ்ச டிரைவர்னா, வூட்டுக் கவலைல வண்டிய எங்கியாவது வுட்டுடுவான்னு பயப்படுவாங்க. என் சம்சாரத்துக்கே நான் சொல்லப்போறதில்ல."

சத்தியம் செய்தேன். நான்கு மாதம் காப்பாற்றவும் செய்தேன். ஆனால் கூடவே இருந்து பார்ப்பது பெரிய கொடுமை ஐயா. கோட்டில் ஒரு பொத்தான் போயிற்று, அப்புறம் இன்னொன்று. பள்ளிகொண்டா சாப்பாட்டுக் கடையில் வண்டி நிற்கும்போது, "வயிறு சரியில்லடா" என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொள்வார். தினமுமா ஒருவருக்கு வயிறு சரியில்லாமல் போகும்? ஆனாலும் சந்தையில் கத்திரிக்காய்க்கு அதே முக்காலணா, கறிக்கு அதே நாலணா.

ஒரு சந்தை நாளில் அவருக்குக் காய்ச்சல். பையை என்னிடம் கொடுத்தனுப்பினார். கத்திரிக்காய் விற்கும் முனியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வாய் நீளம், தராசு நேர்.

"யாருக்கு?"

"டிரைவருக்கு."

"முக்காலணா."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "இன்னா முக்காலணா? அந்தாளுக்கு சம்பளம் கொறச்சு நாலு மாசமாவுது, தெரியுமா? மதியம் சோறு துன்றதில்ல. அவருக்கு மட்டும் ஜாஸ்தி வெலையா?" என்று கத்திவிட்டேன். கத்தி முடித்த பிறகுதான் சத்தியம் ஞாபகம் வந்தது. முனியம்மா பையை வாங்கி நிரப்பி, அரையணாவை மட்டும் எடுத்துக்கொண்டாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

அடுத்த சந்தைக்கு டிரைவர் தானே வந்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். கறிக்கடை பாய் நிமிராமலே, "மூணணா, டிரைவர் சாப். ஆடு மலிஞ்சுபோச்சு," என்றார். மிளகாய்க்காரரிடம் மிளகாய் மலிந்துவிட்டது. புளிக்காரியிடம் புளி மலிந்துவிட்டது. முனியம்மா, "அரையணா," என்றாள்.

டிரைவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியாது. மூன்று காலணாவை எடுத்து அவள் சாக்கின்மேல் வைத்துவிட்டு நடந்தார்.

"யோவ் டிரைவரே, நில்லுய்யா!" முனியம்மா எழுந்தேவிட்டாள். சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "சம்பளம் கொறஞ்சிடுச்சின்னு நீ வண்டிய கொறச்சலாவா ஓட்ற? அந்தப் பள்ளத்துல அதே மாரி பாத்துதான எறக்கற? நீ பாத்து ஓட்ற, நான் பாத்து வெல சொல்றேன். எடுய்யா காச!"

அவர் திரும்பி வந்தார். குனிந்து ஒரு காலணாவை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கோ தாரை தாரையாக வழிந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மறுநாள் காலை வண்டியில் ஆள் ஏறுமா என்று படிக்கட்டிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முனியம்மா கூடையோடு முதல் ஆளாக ஏறி, டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி நிரம்பிவிட்டது. மாதனூர்ப் பள்ளம் தாண்டும்வரை அவர் என்னோடு பேசவில்லை. தாண்டியதும், "கத்திரிக்கா ஜாஸ்தியா கீது. சாய்ந்தரம் வந்து கொஞ்சம் எடுத்துக்கினு போ," என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

ஒன்றரை வருஷம் அந்த ஊர் அவருக்காக எல்லாவற்றையும் மலிவாகவே வைத்திருந்தது. பிறகு தோல் மறுபடி கப்பலேறியது, முதலாளியும் பழைய சம்பளத்தைக் கொடுத்தார். அந்த வாரம் டிரைவர் கோட்டுக்கு ஆறு பொத்தானும் தைத்துப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார். நேராக முனியம்மாவின் முன்னால் போய் நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "முனிம்மா, எனக்கு முப்பது ரூபா ஆயிடுச்சு," என்றார்.

அவள் நிமிரக்கூட இல்லை. தராசைத் தூக்கிக்கொண்டே, "அப்ப முக்காலணா," என்றாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இன்றைக்கு அதே ரோட்டில் நிமிஷத்துக்கு ஒரு பஸ் பறக்கிறது. டிரைவருக்கு என்ன சம்பளம், மதியம் சாப்பிட்டாரா, ஏறுகிறவர்களுக்குத் தெரியாது. மாதனூர்ப் பள்ளத்தையும் தூர்த்துவிட்டார்கள். நான் உப்புப் பாக்கெட்டோடு வீட்டுக்குள் நுழைந்தபோது மருமகள் விழித்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ குடுத்தீங்க?" என்றாள். பாக்கெட்டைக் காட்டினேன். அதில் விலை இருந்தது. யாருக்கு என்று எவரும் கேட்டிருக்கவில்லை.