படகில் அக்னி மூலை

வீராசாமி தன் மனைவி அம்சாவுக்கு எட்டு சவரன் கடன்பட்டிருந்தார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், போர்வெல் வண்டியில் கூட்டுச் சேர்வதற்காக அவள் சங்கிலியையும் வளையலையும் வாங்கி விற்ற கடன். வண்டி ஓடியதும் தருகிறேன் என்றார். வண்டி ஓடியது. ஒன்று மூன்றானது. கடன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன்தான். ஆனால் திருத்தணியிலிருந்து திருவாலங்காடு வரைக்கும் அவர் துளை போடாத ஊர் கிடையாது. பாறை அறுபடுகிற சத்தத்தை வைத்தே எத்தனை அடியில் ஈரம் என்று சொல்லிவிடுவார். படித்தவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஆயிரம் அடி இறங்கியும் புழுதியே வந்த இடங்களும் உண்டு. அதையெல்லாம் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வண்டிகளை விற்ற பிறகு அவரால் உட்கார முடியவில்லை. காலையில் ரயில்வே ஸ்டேஷன், பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டு, மத்தியானம் மார்க்கெட். ஒரு வேலையும் இல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த அலைச்சலில்தான் ஊருக்கு வந்திருந்த மணவாளன் கண்ணில் பட்டான். அம்மையார்குப்பத்துக்காரன், புடவை விற்கக் கேரளா போய், ஆலப்புழையில் படகு புரோக்கராகவே தங்கிவிட்டவன். வீடு மாதிரி படுக்கை, சமையலறை எல்லாம் வைத்த படகு ஒன்று மலிவாக வருகிறது என்றான். காலமெல்லாம் தண்ணீரைத் தேடினவன் கடைசியில் தண்ணீர் மேலேயே படுப்பேன் என்று வீராசாமி முடிவு பண்ணிவிட்டார். முன்பணம் மூன்று லட்சம். ரொக்கமாக மிச்சமிருந்ததும் அவ்வளவுதான். முதலில் என் எட்டு சவரன் என்றாள் அம்சா. அவர் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தார்.

ஒரு நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் பணம் தருவது என்று பேச்சு.

படகில் கால் வைத்ததுமே வாஸ்து பார்த்தார். அடுப்பு அக்னி மூலையில், தென்கிழக்கில் இருக்கவேண்டும். திருத்தணியில் அவர் கட்டின மாடி வீட்டில் ஒரு செங்கல்கூட வாஸ்துவை மீறியதில்லை. இங்கே அடுப்பு வடமேற்கில் இருந்தது. கரையோடு இரண்டு கயிற்றில் கட்டியிருந்த படகை அவிழ்க்கச் சொல்லி, திசை மாற்றி, கரையை விட்டுத் தள்ளி நின்ற ஒற்றைத் தூணில் கட்டச் சொன்னார். ஒரு கயிற்றில் நிற்காது, காற்றுக்குச் சுற்றும் என்று மணவாளன் இழுத்தான். கயிறு கட்ட எனக்குச் சொல்லித் தருகிறாயா என்று இவரே முடிச்சுப் போட்டார்.

மறுநாள் காலையில் வெயில் படுக்கை மேல் அடித்தது. அடுப்பு மறுபடி வடமேற்கில். இழுத்துத் திருப்பினார். பத்து மணிக்குக் காற்று மாறியது, அடுப்பு வடக்கே போய்விட்டது. மறுபடி இழுத்தார். கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்றால் பதினெட்டு எட்டில் படகு முடிந்துவிடுகிறது. அந்தப் பதினெட்டு எட்டையே போனார், வந்தார், போனார், வந்தார்.

அம்சா கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களாட்டமே கீது இந்த போட்டு. திரும்பிகினே இருக்கும், ஒரு பக்கமா நிக்காது."

பிறகு மணவாளனை உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தாள். குடிதண்ணீர்? கேனில் வாங்கவேண்டும். கக்கூஸ் தண்ணீர் எங்கே போகும்? அடியில் தொட்டி, நிறைந்தால் ஆள் வைத்து எடுக்கவேண்டும். அடிப்பலகை? வருஷத்துக்கு ஒரு தடவை பதினைந்து நாள் கரையேற்றி எண்ணெய் பூசாவிட்டால் இற்றுப்போகும். அந்தப் பதினைந்து நாள் எங்கே படுப்பது? லாட்ஜில்தான். கட்டிவைக்கிற இடத்துக்கு வாடகை யாருக்கு, லைசென்ஸ் யார் பேரில்? மணவாளன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. இவருக்கு நெஞ்சு வலித்தால் எந்த வண்டி வரும் என்றாள் கடைசியாக.

"வண்டி கரைக்கு வந்துடும்க்கா. அதுல ஏத்தறதுக்கு மொதல்ல இன்னொரு போட்டு வரணும்."

வீராசாமி நடப்பதை நிறுத்தினார். இன்ஜினைப் பற்றிக் கேட்டிருந்தார், கயிற்றைப் பற்றி, திசையைப் பற்றிக் கேட்டிருந்தார். இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் தப்பான இடத்தில் துளை இறங்குகிறது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே கம்பியைத் தூக்குகிறவர் அவர். வேறொருத்தன் வீம்புக்கு இன்னும் நூறு அடி போடுவான்.

"இன்னாணா, எழுதிக்கலாமா?" மணவாளன் கையை நீட்டினான்.

வீராசாமி பணப்பையோடு அவனைத் தாண்டிப் போய், அம்சாவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எட்டு சவரன் இன்னிக்கி இன்னா வெல, தெரியுமா?" என்றாள்.

"தெரியும். கொறையறத மாடி வாடகையில தரேன்."

"எத்தினி வருசமா இந்தப் பேச்சு. மொதல்ல கையில இருக்கிறத எண்ணுங்க."

கீரைக் காம்பை உதறிவிட்டு உள்ளங்கையை விரித்தாள். படகு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலை நாக்கில் தொட்டு, ஐநூறு ரூபாய்க் கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தார். ஆறு கட்டு. ஒரு தாள் குறையவில்லை.